தரையோடு கிடந்த கயிறு

மழை இன்னும் விடவில்லை. பொகவந்தலாவைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் அது ஒரு தடவை பிடித்துக்கொண்டால் யார் கெஞ்சினாலும் விடாது. மலை சரியும் என்ற பயத்தில், மேல் லயம் என்ற வரிசை வீடுகளின் குடும்பங்கள் பாயும் போர்வையுமாய்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வந்து கிடந்தார்கள். வினோதாவின் அண்ணன் பிரதாப், அண்ணி நாகலெட்சுமி, அவர்களுடைய கைக்குழந்தை மூவரும் அந்தக் கூட்டத்தில் இருந்ததைப் போன வாரம் பார்த்தோம்.

வினோதா இருந்தது கீழே, ரோட்டோரத்து வீட்டில். அப்பா முத்துலிங்கமும் அம்மாவும் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் அத்தை வீட்டுக்குப் போய் மழையில் மாட்டிக்கொண்டார்கள். வீட்டில் அவளும் அவளுடைய மடிக்கணினியும்தான்.

கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. என்ன வேலை என்று கேட்பவர்களுக்குச் சொல்லி மாளாது. கோணமும் நீளமும் கணக்குப் பார்க்கும் கருவி ஒன்றைக் கம்பனி செய்திருந்தது. சைன், கோசைன், தான்சன் என்று பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்தோமே, அதே சமாச்சாரம். ஆனால் இந்தக் கருவியைத் தொடப்போவது மனிதர் அல்ல. ஏஜென்ட் என்று சொல்லப்படும் செயற்கை நுண்ணறிவு. எந்தக் கணக்குக்குக் கருவியின் எந்தப் பகுதியைக் கூப்பிடுவது, அதற்கு என்ன கொடுப்பது, என்ன திரும்பி வரும் என்றெல்லாம் அந்த ஏஜென்ட் வாசித்து நடந்துகொள்ளும்படி விளக்கம் எழுதுவது வினோதாவின் பொறுப்பு.

போன வாரம் கோணம் பாகையிலா ஆரையனிலா என்று சொல்லாமல் விட்டிருந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, மேலதிகாரி கஜதீபனிடம் பாராட்டு வாங்கினாள். அந்தப் பெருமை இன்னும் இறங்கவில்லை. ஓர் ஓட்டையை அடைத்தவளுக்கு இன்னொன்று இருக்கும் என்று தோன்றவில்லை. நமக்கும்தான் தோன்றியிருக்காது.

கருவியை முதலில் எடுத்துக்கொண்டது மலைச்சரிவைக் கவனிக்கும் ஒரு திட்டம். ஒவ்வொரு தோட்டத்திலும் ஓர் ஆள் லயத்துக்கு மேலே உள்ள மலையை அளந்து போனில் போட வேண்டும். உயரத்தைப் போனே காட்டிவிடும். தூரத்தை ஆள் அளக்க வேண்டும். ஏஜென்ட் கருவியைக் கூப்பிட்டுச் சரிவின் கோணத்தைக் கண்டுபிடித்து, மழையின் அளவையும் சேர்த்துப் பார்த்து, பச்சை என்றோ சிவப்பு என்றோ சொல்லும். இத்தனை மழைக்குக் கோணம் முப்பத்தொரு பாகையைத் தாண்டினால் சிவப்பு. இந்தத் தோட்டத்துக்கு அளக்கும் ஆள் பிரதாப்.

அன்று காலை போனில் பச்சை வந்தது.

பள்ளிக்கூடத்தில் ஒரே ஆரவாரம். சனம் பாயைச் சுருட்டத் தொடங்கிவிட்டது. நாகலெட்சுமி மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கம்பி வளைந்த குடையைப் பிடித்தபடி, நேரே வினோதா வீட்டுக்கு இறங்கி வந்தாள்.

"வினோ, நெசமாவே வீட்டுக்குப் போகலாமா?"

"பச்சை வந்திருச்சே அண்ணி."

"அது போன்ல வந்தது. நான் ஒன்னையக் கேக்குறேன்."

குழந்தை இருமியது. சின்ன நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம் கேட்டது.

"பாப்பாவுக்கு நெஞ்சு கட்டிக்கிச்சு. அந்தச் சீமெந்துத் தரையில இன்னொரு ராத்திரி போட ஏலாது. மலைய நெனச்சாலும் பயமா இருக்கு. இந்த மிசினு சொல்றது சரியா இருக்குமா? அதுக்குப் பாடம் எழுதிக் குடுத்ததே நீதான்னு ஒங்க அண்ணன் சொன்னாரு."

வினோதா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து அன்று மாலையே அவள் தன்னைத் திட்டிக்கொள்ளப்போகிறாள்.

"நான் எழுதினதுதான் அண்ணி. ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கேன். அது கணக்குல பிழைவிடாது. தைரியமாப் போங்க."

"நீ சொன்னாச் சரி."

அவ்வளவுதான். குழந்தையின் தலையில் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு நாகலெட்சுமி படியிறங்கினாள். வாசலில் பிரதாப் சாமான் மூட்டையோடு நின்றான்.

"ஏங்க, நம்ம காம்பரா வாசக் கதவ என்னான்னு பாருங்க. நேத்து துணி எடுக்கப் போனப்ப சாத்தவே முடியல."

"மழைக்குப் பலகை ஊதியிருக்கும். போனதும் சீவி விட்டுர்றேன்."

இருவரும் தேயிலைக்கு நடுவே ஏறிப்போவதை வினோதா பார்த்துக்கொண்டு நின்றாள். மேல் லயத்தின் தகரக் கூரையும் அதன் முதுகில் நிற்கும் ஏழாம் நம்பர் மலையும் மூடுபனிக்குள் இருந்தன. எழுதின கை நம்முடையது என்று உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் அவளுக்கு.

சற்று நேரத்தில் அப்பாவின் போன்.

"வினோம்மா, இங்கயும் பச்சை வந்திருச்சு. ஒங்க அத்தை வீட்டு லயத்துல எல்லாரும் திரும்பிட்டோம். எம்மவ எழுதினதுன்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு."

"ஐயோ அப்பா, ஊருக்கெல்லாம் சொல்லாதீங்க."

"ஏன் சொல்லக்கூடாது?" என்று முத்துலிங்கம் உரக்கச் சிரித்தார்.

மதியம் வரை வேலை ஓடியது. மழை கொஞ்சம் குறைந்து மறுபடி கூடியது.

பிரதாப் மீண்டும் வந்தபோது அவள் சோற்றில் கைவைத்திருந்தாள். தோளில் பெரிய கயிற்றுச் சுருள். ஃபெக்டரியில் இரவல் வாங்கினது. திருப்பிக் கொடுக்கும்முன் கழுவ வேண்டுமாம்.

"அதுக்கு இவ்வளவு தூரம் எறங்கி வரணுமா அண்ணே? மேல ஊத்துப் பீலியில கழுவ வேண்டியதுதானே."

"பீலித் தண்ணி ஒரே கலங்கல். சேத்துல கழுவி என்னா பிரயோசனம்?"

"நேத்தும் கலங்கலா?"

"நேத்து தெளிவாத்தான் வந்துச்சு."

அவன் வாசல் குழாயைத் திறந்து கயிற்றைப் பிரித்துப்போட்டான். சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சேறு. முறுக்குக்குள் முறிந்த தேயிலைக் காம்புகள், சருகு, ஓர் அட்டைகூட நெளிந்துகொண்டிருந்தது.

வினோதா சோற்றுத் தட்டோடு இஸ்தோப்புத் திண்ணையில் நின்று அதைப் பார்த்தாள். முதலில் அருவருப்புத்தான் வந்தது. அப்புறம் வேறொன்று வந்தது.

"அண்ணே, கயிறு ஏன் முழுசா இப்புடிச் சேறாயிருக்கு?"

"மண்ணுல கெடந்தா வேற எப்புடி இருக்கும்?"

"எங்க போட்டு அளந்தீங்க?"

"எங்க போடுவாங்க? மலை உச்சி மரத்துல ஒரு முனையக் கட்டிட்டு, செடிக்கு அடியில தரையோட தரையா எறக்கி, நம்ம லயத்துச் சுவர் வரைக்கும் இழுத்தோம். ஆண்டியப்பன் மாமாதான் மேல நின்னாரு. எழுவது மீற்றர். ஒசரம் நாப்பதுன்னு போனே காட்டிச்சு. தூரம் கேட்டுச்சு, போட்டேன். ஏன், என்னா?"

தட்டு அவள் கையில் சாய்ந்தது. குழம்பு சோற்றோடு தரையில் கொட்டியது.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் செங்கோண முக்கோணத்தை எப்படிப் போட்டிருப்பார்கள்? அடிக்கோடு கீழே மட்டமாகக் கிடக்கும். உயரம் நிமிர்ந்து நிற்கும். சாய்ந்த கோடு செம்பக்கம். வினோதா விளக்கம் எழுதும்போது மனதில் இருந்தது அந்தப் படம். உயரமும் தூரமும் தெரிந்தால் நேர்மாறு தான்சனைக் கூப்பிடு என்று எழுதினாள். தூரம் என்றால் அவளுக்கு அந்த மட்டமான அடிக்கோடு. அதை எழுத வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

ஆனால் மலையில் அந்த அடிக்கோடு எங்கே இருக்கிறது? மண்ணுக்குள்ளே போகிறது. அங்கே எந்தக் கயிறும் போக முடியாது. தேயிலை மலையில் பிறந்து வளர்ந்த எவனும் சரிவோடு சரிவாகத்தான் அளப்பான். வடிகான் வெட்டினாலும் வேலி போட்டாலும் அப்படித்தான். இதே லயத்தில் பிறந்த வினோதா அதை மறந்துபோனாள். பிரதாப் அளந்தது செம்பக்கத்தை. அதற்கு வேண்டியது நேர்மாறு சைன்.

அவள் ஓடிப்போய் மடிக்கணினியைத் திறந்தாள். கை கழுவவில்லை. சோதனைப் பக்கத்தில் ஏஜென்டிடமே கேட்டாள். உயரம் நாற்பது மீற்றர், தூரம் எழுபது மீற்றர்.

பதில் உடனே வந்தது. இருபத்தொன்பது புள்ளி ஏழு பாகை. பச்சை. வேறு உதவி வேண்டுமா என்றும் மரியாதையாகக் கேட்டிருந்தது.

அவள் இன்னொரு வரி சேர்த்தாள். அந்த எழுபது மீற்றர் சரிவின் மேலே கயிறு போட்டு அளந்தது.

இந்தத் தடவையும் தாமதமில்லை. தகவலுக்கு நன்றி சொல்லிவிட்டு, முப்பத்து நாலு புள்ளி எட்டு பாகை என்றது. சிவப்பு. அங்கிருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும்.

சொன்னால் அதற்கு எல்லாம் விளங்குகிறது. சொல்லாவிட்டால் அது கேட்பதில்லை. மனிதனாக இருந்தால் எந்தத் தூரம் அம்மா என்று தலையைச் சொறிந்திருப்பான். அவள் எழுதினதை அப்படியே நம்பி, சந்தேகம் என்பதே இல்லாமல், காலையில் அது பச்சை சொல்லியிருக்கிறது. அவளும் சந்தேகமே இல்லாமல் அண்ணியிடம் அதையே சொல்லியிருக்கிறாள்.

"அண்ணே! அண்ணி எங்க?"

"வீட்டுல. பாப்பாவத் தூங்க வச்சிட்டுச் சோறாக்குது. என்னான்னு சொல்லு, மூஞ்சி ஏன் இப்புடிப் போச்சு?"

"போன் போடுங்க."

"மேல சிக்னல் எங்க இருக்கு? கோயில் முடக்குக்கு வந்தாத்தான்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே கஜதீபனை அழைத்தாள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், எதற்கும் பதறாத மனிதர்.

"சொல்லுங்கோ வினோதா."

"அண்ணா, விளக்கத்துல பிழை இருக்கு. தூரம்னா மட்டமா எடுத்த தூரம்னு நான் எழுதல. இங்க எல்லாம் கயிறத் தரையில போட்டுத்தான் அளப்பாங்க. கோணம் குறைச்சலா வருது."

"எல்லாச் சோதினையும் சரியா வந்ததுதானே? கணக்கில பிழை வந்ததோ?"

"கணக்கு சரி அண்ணா. நாங்க கேட்டதுதான் பிழை. எங்க அண்ணனோட லயத்துக்குப் பச்சை காட்டியிருக்கு. அது சிவப்பு."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"விளங்குது. நான் இப்பவே திட்டக்காரரோட கதைக்கிறன். நீங்கள் முதல்ல உங்கட ஆக்களை வெளியில எடுங்கோ. விளக்கத்தைப் பிறகு திருத்துவம்."

அண்ணனும் தங்கையும் குறுக்குப் பாதையில் ஏறினார்கள். பாதை என்று பெயர்தான். தண்ணீர் அதில் குதித்துக்கொண்டு வந்தது. வினோதா நடந்ததைச் சொல்லி முடிக்குமுன் பிரதாப் முன்னால் ஓடத் தொடங்கியிருந்தான்.

மேல் லயத்தில் அடுப்புப் புகை எல்லாக் கூரையிலும் படர்ந்திருந்தது. யாரோ ரேடியோ போட்டிருந்தார்கள். இஸ்தோப்புக் கொடியில் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த போர்வைகள் தொங்கின. வீடு திரும்பின நிம்மதி வரிசை முழுக்கத் தெரிந்தது.

நாகலெட்சுமி அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை கட்டிலில் கம்பளிக்குள் தூங்கியது.

"அண்ணி, கெளம்புங்க. பாப்பாவத் தூக்குங்க. இங்க இருக்கக் கூடாது."

"என்னா சொல்ற நீ?"

"காலையில வந்தது பிழை. சிவப்புத்தான் வரணும். நான் எழுதினதுல ஒண்ணு விட்டுப்போச்சு."

நாகலெட்சுமி பானையை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கோபமா, களைப்பா என்று சொல்ல முடியாத முகம்.

"இப்பத்தான் அது இருமாமத் தூங்குது. திரும்பவும் அந்தத் தரைக்கா?"

"அண்ணி, கெஞ்சிக் கேக்குறேன்."

"காலையில ஒன் வீட்டு வாசல்ல வந்து கேட்டேன். மிசினக் கேக்கல, ஒன்னையக் கேட்டேன். கணக்குல பிழைவிடாதுன்ன. பொழுது சாயல, அதுக்குள்ள பிழைங்குற. நான் எந்தப் பேச்ச நம்புறது வினோ? இன்னும் ஒரு மணித்தியாலத்துல வந்து இல்ல அண்ணி, மொதல்ல சொன்னதுதான் சரின்னு சொல்ல மாட்டேன்னு என்னா நிச்சயம்?"

தான்சனையும் சைனையும் அந்த அடுப்படியில் நின்று விளக்க முடியுமா? அண்ணி கேட்டதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

அப்போது வாசலில் பிரதாப்பின் குரல் கேட்டது.

"லெட்சுமி, இங்க வா."

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாத்தப் பார்த்தான். கதவு பாதியில் நிலையில் முட்டி நின்றது. தோளால் தள்ளினான். அசையவில்லை.

"காலையில நீதானே பார்த்த? சீவினப்புறம் நல்லாச் சாத்திச்சுதானே?"

"நல்லாத்தான் சாத்திச்சு. தாப்பாள்கூட விழுந்துச்சே."

"சீவின பலகை மூணு மணித்தியாலத்துல இவ்வளவு ஊதாது." அவன் நிலையின் மேல் மூலையைக் காட்டினான். ஒரு பக்கம் இடைவெளியில் விரலே போகும். மறு பக்கம் பலகை நிலையோடு நெரிந்து நின்றது. "கதவு ஊதல. மண்ணு நகர்ந்து நிலை சாயுது."

பக்கத்து இஸ்தோப்பில் பீடி குடித்துக்கொண்டிருந்த ஆண்டியப்பன் எழுந்து, தன் கதவைச் சாத்திப் பார்த்தார். சாத்த முடியவில்லை. அதற்கடுத்த வீட்டிலும் ஒரு கதவு மரத்தில் முட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதற்கடுத்த வீட்டில். வரிசையாய் அந்தச் சத்தம் லயத்தின் கடைசி வரைக்கும் போனது.

நாகலெட்சுமி உள்ளே போய்க் குழந்தையைக் கம்பளியோடு வாரி எடுத்தாள். அவ்வளவு நேரம் பிடித்த பேச்சுக்கு இப்போது வேலையில்லை.

"எல்லாரும் எறங்குங்க! சாமான விடுங்க, ஆள் எறங்குங்க!" பிரதாப் வீடு வீடாய்ப் போய்க் கத்தினான்.

சனம் இறங்கியது. வடிக்காத சோறும் அணைக்காத அடுப்பும் அப்படியே கிடந்தன. ரேடியோவை நிறுத்தக்கூட யாருக்கும் தோன்றவில்லை. வினோதா ஒரு கிழவரைக் கைத்தாங்கலாய்ப் பிடித்துக்கொண்டு வந்தாள். திரும்பிப் பார்த்தபோது ஏழாம் நம்பர் மலை அப்படியே நின்றது. காலையில் நின்ற மாதிரியேதான் இருந்தது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

பாதை வளையும் கோயில் முடக்கில் வந்து நின்றபோது எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. பிரதாப் தலைகளை எண்ணினான். மேல் லயத்தில் யாரும் மிச்சமில்லை. வினோதா மதகின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

நாகலெட்சுமி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குழந்தை விழித்து, மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஓடி வந்தியே," என்றாள் அண்ணி. அது மன்னிப்பா என்று வினோதாவுக்குத் தெரியவில்லை. ஆனால் அண்ணியின் தோள் அவள் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. அதுவே அவளுக்குப் போதுமாயிருந்தது.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. சிக்னல் வந்ததும் போன் அடித்தது. கஜதீபன்.

"உங்கட ஆக்கள் வெளியில வந்திட்டினமோ?"

"எல்லாரும் வந்துட்டாங்க அண்ணா."

"நல்லது. நான் சொல்லுறதைக் கேளுங்கோ. இண்டைக்குப் பச்சை போனது உங்கட தோட்டத்துக்கு மட்டும் இல்லை. நிறையத் தோட்டம். நான் ரெண்டு மூண்டு இடத்துக்கு எடுத்துக் கேட்டனான். எல்லாரும் கயிறுதான், எல்லாரும் தரையிலதான். திட்டக்காரர் ஒவ்வொரு இடமாச் சொல்லிக்கொண்டு போகினம். கன இடத்தில போன் லைன் கிடைக்கேல்ல."

வினோதா எழுந்து நின்றாள். பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம், மழைக்கு ஊடே, ஒவ்வொரு மலையின் அடியிலும் ஒவ்வொரு லயம் தெரிந்தது. எல்லாக் கூரையிலும் சமையல் புகை. அவளுக்குக் காலையில் போனில் கேட்ட சிரிப்பு ஒன்று ஞாபகம் வந்தது.

அவள் அப்பாவின் எண்ணை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அறுந்துவிடும் என்று நினைத்த நேரத்தில் எடுத்தார்.

"அப்பா! எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பேன், வீட்டுலதான். ஒங்க அம்மா இஞ்சித் தேத்தண்ணி போடுறா. ஏன் கத்துற? இங்க ஒரு பயமும் இல்ல வினோம்மா, அதான் பச்சை குடுத்துருச்சே."

"அப்பா, ஒடனே வெளிய வாங்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டு…"

"என்னா? மழச் சத்தத்துல சரியாக் கேக்கல. இரு, கதவச் சாத்திட்டு வந்து பேசுறேன்."

போனுக்குள் காலடிச் சத்தம் கேட்டது. மரத்தில் மரம் முட்டும் சத்தம் ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக.

"இந்தக் கதவுக்கு இன்னைக்கு என்னா வந்துச்சு?" என்றார் முத்துலிங்கம். "சாத்தவே மாட்டேங்குது."